ஒயின் குவளையும் எச்சில் வாளியும்

டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். "விருந்துல ஒயின் வச்சா என்னண்ணா பண்றது? எப்படிப் பிடிக்கணும்? வேண்டாம்னு சொன்னா தப்பா நெனப்பாங்களா?" நூறு பேர் முன்னால் கட்டுரை வாசிக்க இவர்களுக்குப் பயமில்லை. வாசித்து முடித்தபின் வரும் இரவு விருந்துக்குப் பயப்படுகிறார்கள். மேசையில் மூன்று குவளை இருக்குமாம், எதை எடுத்தாலும் தவறாகிவிடுமாம், அதைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார்களாம். இந்தப் பயத்தைச் சின்ன விஷயம் என்று நாம் ஒதுக்கக் கூடாது. எந்தக் குவளையைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதைச் சாதிதான் நமக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பயம் உடம்பில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

பதில் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. நாங்கள் மூன்று பேர், இரண்டு ஆண்கள், ஒரு பெண். முக்கொம்புக்கும் ஜீயபுரத்துக்கும் இடையில் வாய்க்கால் கரையை ஒட்டிய காலனிதான் சொந்த இடம். காவிரி இரண்டாகப் பிரிந்து, ஒரு கை கொள்ளிடமாகவும் ஒரு கை காவிரியாகவும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிற இடம் முக்கொம்பு. ஆடிப்பெருக்குக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது இடிந்து போனபோது தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இங்கே வாழைத்தார் வெட்டும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எங்களை ஒரு மேஸ்திரி கர்நாடகத்தில் ஓர் ஒயின் ஆலைக்கு அறுவடை வேலைக்கு அழைத்துப் போனார். மாசி, பங்குனி இரண்டு மாத வேலை என்று சொல்லித்தான் போனோம். ஐந்து பருவம் ஓடிவிட்டது. முதலில் திராட்சைத் தோட்டம், பிறகு தொட்டி, கடைசி இரண்டு பருவம் விருந்தினர் கூடத்தில் குவளை துடைப்பது, ஊற்றுவது. ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை.

நம்மூரில் டாஸ்மாக் வருவதற்கு முன்பு சாராயக் கடைக்கு 'ஒயின்ஷாப்' என்று பெயர். உள்ளே பிராந்தியும் ரம்மும்தான் ஓடும், ஒயினைத் தேடினால்தான் கிடைக்கும். அதனால் முதலில் ஒயின் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறோம். திராட்சையை நசுக்கினால் சாறு வரும். சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். அவ்வளவுதான். காய்ச்சி வடிப்பது கிடையாது. அதனால் பிராந்தியில் நாற்பது சதவீதத்தைத் தாண்டுகிற சாராய அளவு, ஒயினில் பன்னிரண்டு முதல் பதினான்கு சதவீதத்துக்குள் நின்றுவிடும். தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை. ஒரு 750 மில்லி பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். விடியற்காலைக் குளிரிலேயே பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் கிரேட்டில் கிடக்கும் பழம் தானாகவே நொதிக்க ஆரம்பித்துவிடும். நாங்கள் நாலரை மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவோம்.

விருந்தில் நீங்கள் பார்க்கப்போகிற அந்தச் சடங்கு ஐந்து செய்கைகளால் ஆனது. குவளையைச் சாய்த்துப் பார்ப்பார்கள், சுழற்றுவார்கள், மூக்கை உள்ளே விட்டு முகர்வார்கள், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுவார்கள், சில இடங்களில் துப்புவார்கள். இந்த ஐந்தும் விருந்து மேசையில் பிறந்தவை என்று நினைக்காதீர்கள். ஆலைக்குள் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒவ்வொரு தொட்டியிலும் நடக்கும் பரிசோதனை இது. கலங்கியிருக்கிறதா, ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் பார்ப்பது. காடி வாசம் வருகிறதா, அழுகிய முட்டை வாசம் வருகிறதா என்று பிடிக்கத்தான் முகர்வது. சர்க்கரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, புளிப்பு எப்படி இருக்கிறது என்று அறியத்தான் வாயில் வைப்பது. இருபது தொட்டியைச் சோதித்துவிட்டு நிதானமாக நடக்க வேண்டுமே, அதற்காகத் துப்புவது. இந்தக் கூலி வேலை மேசைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதற்கு 'நாகரிகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மூக்கின் வேலை எங்களுக்கு இன்னொரு இடத்திலும் இருந்தது. அதைச் சொல்லாமல் குவளைக்குப் போக மனம் வரவில்லை.

சிவப்பு ஒயின் புளித்து முடிந்ததும் தொட்டியிலிருந்து ஒயினை வடித்துவிடுவார்கள். அடியில் தோலும் விதையுமாகச் சக்கை தங்கிவிடும். தொட்டியின் அடிப்பக்கத்தில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் கதவு இருக்கும். உள்ளே போய் மண்வெட்டியால் சக்கையை வாரி வெளியே தள்ள வேண்டும். ஒரு லிட்டர் சாறு புளிக்கும்போது நாற்பது லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வெளியாகும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மேலே ஏறிப் போகாது, தொட்டியின் அடியில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசமும் கிடையாது. மூக்கின் உட்புறத்தில் சோடா குடித்த மாதிரி ஒரு சுருக்கென்ற குத்தல் மட்டும் இருக்கும். காற்றில் பத்து சதவீதம் கலந்துவிட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று ஒயின் செய்கிற எல்லா நாடுகளிலும் தொழிலாளிகள் இப்படிச் செத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எரிகிற மெழுகுவர்த்தியை முதலில் உள்ளே இறக்கிப் பார்ப்பார்களாம். அது அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. இப்போது வாயு அளக்கும் கருவி இருக்கிறது, காற்றை உள்ளே தள்ளும் விசிறி இருக்கிறது, வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும் என்ற விதி இருக்கிறது.

எங்கள் ஆலையிலும் கருவி இருந்தது, மேலாளர் அறையில், பெட்டிக்குள். தொட்டிக்கு யார் இறங்குவது என்று மேஸ்திரி பட்டியல் போட்டபோது எங்கள் மூவரின் பெயரும், அந்த ஊர் மாதிகர் குடியிருப்பிலிருந்து வந்த நான்கு பேரின் பெயரும்தான் அதில் இருந்தன. அறுவடைக்கு வந்தவர்கள் நாற்பது பேர். சாதியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. முதல் நாளே "எந்த ஊரு, ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்று கேட்டு வைத்திருந்தார்கள். கழிவுநீர்த் தொட்டியில் நம் ஆட்கள் சாவது பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. மலம் கிடக்கும் தொட்டிக்கு ஆள் எடுக்கும் அதே கண்தான் ஒயின் தொட்டிக்கும் ஆள் எடுக்கிறது. எங்களில் அந்தப் பெண் தோழர் கருவியை வெளியே எடுத்துக் காட்டும்வரை இறங்க மாட்டோம் என்று கதவுக்கு முன்னால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். மாதிகர் தோழர்களும் உட்கார்ந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கருவி வந்தது. விசிறி அடுத்த வருடம்தான் வந்தது.

இனி குவளைக்கு வருவோம்.

ஒயின் குவளைக்கு அடியில் நீளமான காம்பு ஒன்று இருக்கும். அதைப் பிடியுங்கள். மேலே உள்ள கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறி ஒயின் வெதுவெதுப்பாகிவிடும், கண்ணாடியில் விரல் ரேகை படிந்து நிறம் தெரியாது. காரணம் இவ்வளவுதான். கிண்ணத்தைப் பிடிக்கும் வெள்ளைக்காரர்களை நாங்கள் வரிசையாகப் பார்த்திருக்கிறோம், யாரும் அவர்களை வெளியே அனுப்பவில்லை. குவளையில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவார்கள். அது கஞ்சத்தனமில்லை, சுழற்ற இடம் வேண்டும், வாசம் தங்க இடம் வேண்டும். கையில் தூக்கிச் சுழற்ற வராவிட்டால் குவளையை மேசைமேலேயே வைத்து அடிப்பாகத்தை அழுத்தி வட்டமாக நகர்த்துங்கள், சட்டையில் சிந்தாது. சுழற்றியபின் உள்சுவரில் கோடு கோடாக வழியும். பக்கத்தில் இருப்பவர் அதைக் காட்டி "ஆகா, நல்ல சரக்கு" என்பார். அந்தக் கோடுகள் பெரும்பாலும் சாராய அளவைத்தான் காட்டும், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

உணவகத்தில் பாட்டிலைத் திறந்து ஒருவருக்கு மட்டும் துளி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பரிமாறுபவர் காத்து நிற்பார். நிறையப் பேர் திணறுகிற இடம் இது. "பிடித்திருக்கிறதா?" என்று அவர் கேட்கவில்லை. "கெட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்கிறார். ஒரு தடவை முகருங்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசமோ ஈரச் சாக்கு வாசமோ வந்தால் கார்க்கில் பூசணம் விளைவித்த கெடுதல், திருப்பி அனுப்பலாம். காடி வாசம் வந்தாலும் அனுப்பலாம். இல்லையென்றால் தலையை அசைத்தால் போதும், அவர் மற்றவர்களுக்கு ஊற்றப் போய்விடுவார். சுவை பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்புவது மரபில்லை. கார்க்கை எடுத்து மூக்கில் வைத்துப் பார்க்கும் வித்தையும் தேவையில்லை. இந்திய ஒயின்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது திருகு மூடிதான்.

வெள்ளை ஒயினை எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி குளிரில் கொடுப்பார்கள். சிவப்பைப் பதினைந்திலிருந்து பதினெட்டில். "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறவும்" என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். ஐரோப்பாவின் கல்வீட்டு அறையை மனதில் வைத்து எழுதியது அது. சித்திரையில் எங்கள் காலனியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அந்த விதியைப் பின்பற்றினால் கஷாயம்தான் கிடைக்கும். பல வகை வைத்தால் வெள்ளையிலிருந்து சிவப்புக்கும், இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கும் போவார்கள். நடுவில் தண்ணீரும் ரொட்டியும் எடுத்துக்கொள்வார்கள். சுவைக்கும் கூடத்துக்கு அத்தர், சென்ட் போட்டுக்கொண்டு வரக் கூடாது. எங்கள் தோழர் தலையில் மல்லிகைப்பூ வைத்து வந்த அன்று ஒயின் தயாரிப்பாளர் அம்மா அதை எடுத்துவிடச் சொன்னார். அதில் சாதி எதுவும் இல்லை. ஒரு முழம் மல்லிகை இருந்தால் அந்த அறையில் வேறு எந்த வாசமும் எடுபடாது, உண்மைதான்.

"இதில் உங்களுக்கு என்ன வாசம் தெரிகிறது?" என்று கேட்பார்கள். இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறீர்கள். கலிபோர்னியாவில் ஆன் நோபல் என்ற பேராசிரியர் 1980களில் வாசனைச் சக்கரம் ஒன்றை உருவாக்கினார். ஒயினில் வரும் வாசங்களை வட்டமாக அடுக்கி எழுதியது. தெளிவாகப் பேச வேண்டும் என்பதற்காக அவர் செய்த நல்ல வேலை அது. அதில் நிறைந்திருப்பவை அங்கே விளையும் பழங்கள். நம் ஊர்க் கூடங்களில் அதைச் சுவரில் மாட்டிவைத்ததும், நாம் வாழ்நாளில் தின்றிராத பழத்தின் பெயரைச் சொன்னால்தான் மூக்கு இருக்கிறது என்று அர்த்தமாகிவிட்டது. ஒரு நாள் புதிதாக வந்த இளஞ்சிவப்பு ஒயின் ஒன்றை ஊற்றிவிட்டு வழிகாட்டி கேட்டார். வந்திருந்தவர்கள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குவளை துடைத்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவர் "பூவன் வாழ சார். பொகை போட்டு மூடின ரூமை மறுநா தொறந்தா அடிக்குமே, அதேதான்" என்று சொன்னார். வழிகாட்டி சிரித்தார். தயாரிப்பாளர் அம்மா சிரிக்கவில்லை. குவளையை வாங்கி முகர்ந்துவிட்டு, பழுத்த வாழைக்கு வாசம் கொடுக்கும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற அதே பொருள்தான் இந்த ஒயினிலும் இருக்கிறது, ஈஸ்ட் அதை உண்டாக்குகிறது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். முக்கொம்பிலிருந்து குளித்தலை வரை வாழைக்குள் வளர்ந்த மூக்குக்கு அதைவிட என்ன பயிற்சி வேண்டும்? நாவல்பழம், கொடுக்காப்புளி, வெட்டிய பச்சைக் குடைமிளகாய், முதல் மழை விழுந்த செம்மண், வாழைப்பூவின் துவர்ப்பு என்று உங்களுக்குத் தெரிந்த பெயரையே சொல்லுங்கள். நாக்கை வறளச் செய்கிற அந்தத் துவர்ப்பு தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. நெல்லிக்காய் தின்றவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூடத்துக்கு வரும் முன்பு தொட்டி அறையில் நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். தினமும் காலையில் தொட்டிகளிலிருந்து மாதிரி எடுத்து எல்லோரும் சுவைத்துச் சொல்ல வேண்டும். எந்தத் தொட்டி எப்படிப் போகிறது என்று அதில் வேலை பார்க்கிறவருக்குத்தான் தெரியும். ஆய்வகத்துக்காரர்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் கண்ணாடிக் குவளை. எங்கள் ஏழு பேருக்கும் காகிதக் கப். நம் கிராமங்களில் இரட்டைக் குவளை முறை எப்படி உருமாறியது என்று உங்களுக்குத் தெரியும். கொட்டாங்குச்சி போய்த் தனி அலுமினியக் குவளை வந்தது, அது போய் 'டிஸ்போசபிள் கப்' வந்தது. ஊர்த்தெருக்காரருக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குத் தூக்கியெறியும் கப். கேட்டால் சுகாதாரம் என்பார்கள். பொது உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். தூக்கியெறியும் கப்பை வைத்து அதையும் தாண்டிவிடுகிறார்கள்.

"எங்களுக்கு மட்டும் ஏன் சார் வேற கப்?" என்று கேட்டோம்.

"கண்ணாடி ஒடஞ்சிடும்பா" என்றார் மேற்பார்வையாளர்.

அன்றாடம் இருநூறு கண்ணாடிக் குவளைகளைக் கழுவித் துடைத்து அடுக்குவது நாங்கள்தான். அதைச் சொன்னதும் அவர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். தயாரிப்பாளர் அம்மா மராட்டியர். அவரிடம் நாங்கள் சாதியைப் பேசவில்லை. காகிதத்தின் வாசமும் மெழுகின் வாசமும் ஒயினில் ஏறுகிறது, இதில் குடித்து நாங்கள் சொல்வதை நம்பி நீங்கள் முடிவெடுக்க முடியாது என்று தொழிலைப் பேசினோம். அவருக்கு உடனே புரிந்தது. மறுநாள் ஏழு கண்ணாடிக் குவளைகள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நீல நிறத்தில் பெயிண்ட் பொட்டு. உடைந்தால் கணக்குத் தெரிய வேண்டுமாம். அந்தப் பொட்டோடு இரண்டு பருவம் குடித்தோம். மூன்றாவது பருவத்தின் முதல் நாள் தின்னர் போட்டுத் துடைத்து எல்லாக் குவளைகளோடும் கலந்து அடுக்கிவிட்டோம். எது யாருடைய குவளை என்று அதற்குப் பிறகு யாருக்கும் தெரியவில்லை.

விருந்தினர் கூடத்தில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது துப்பும் வாளிதான். மேசைக்கு நடுவில் பளபளவென்று ஒரு வாளி இருக்கும். வருகிறவர்கள் ஒரு வாய் எடுத்து, உருட்டி, அதில் துப்புவார்கள். குவளையில் மிச்சம் இருப்பதையும் அதிலேயே ஊற்றுவார்கள். அது அவமரியாதை இல்லை, தொழில்முறையில் சுவைப்பவர்கள் எல்லோரும் துப்புவார்கள். உங்களுக்கும் அப்படி வாளி வைத்தால் தயங்காமல் துப்புங்கள். தலையைக் குனிந்து, வாளிக்கு அருகே போய், உதட்டைக் குவித்துத் துப்பினால் தெறிக்காது.

பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். வீட்டில் சொம்பை அண்ணாந்து குடிக்கிற, உதடு பட்டால் 'எச்சில்' என்று கழுவி வைக்கிற குடும்பங்கள் அவற்றில் நிறைய இருக்கும், பேச்சிலேயே தெரியும். அவர்கள் ஒரே வாளியில் நான்கு பேர் எச்சிலும் கலக்கத் துப்பிவிட்டு முகம் சுளிக்காமல் அடுத்த குவளைக்குப் போவார்கள். விலை கொடுத்து வாங்கிய எச்சிலுக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது. பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவர்கள் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு அதில்தான் துப்ப வேண்டும், எச்சில் தரையில் விழுந்தால் தெரியாமல் அதை மிதிக்கும் இந்துவுக்குத் தீட்டுப்பட்டுவிடும் என்று விதி இருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். நம் எச்சிலைச் சுமக்க நமக்கே கலயம். அவர்கள் எச்சிலைச் சுமக்கவும் நாம்தான். ஏனென்றால் அந்த வாளி நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவியது யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அந்த வேலைக்குப் பட்டியல்கூடப் போடவில்லை, தானாகவே எங்களிடம் வந்து சேர்ந்தது. எங்கள் திருச்சி மாவட்டத்தில், லால்குடி பக்கத்துத் திண்ணியத்தில், 2002இல் இரண்டு தலித்துகளின் வாயில் மலத்தைத் திணிக்க வைத்தார்கள். பக்கத்துப் புதுக்கோட்டை வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. நம் வாய்க்குள் என்ன போகலாம், எது போகக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரத்துக்காக 1927 மார்ச் 20இல் மகாத் குளத்தில் அண்ணல் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். குவளையைப் பற்றி எழுதும்போது எங்களுக்கு அந்தக் குளம் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு நாங்கள் உங்களைக் குடிக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் கேப் பகுதி ஒயின் தோட்டங்களில் 'டாப்' முறை என்று ஒன்று இருந்தது. திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்த கறுப்பின, கலப்பின மக்களுக்குக் கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே கொடுத்தார்கள். காலையில் ஒரு குவளை, நடுப்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. குடிக்குப் பழகிய கூலி தோட்டத்தை விட்டுப் போக மாட்டான் என்பது கணக்கு. 1960களில் சட்டம் தடை செய்த பிறகும் 1990கள் வரை அங்கங்கே தொடர்ந்தது. தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்றாக மேற்குக் கேப் இன்றும் இருக்கிறது. அங்கே ஒயினைப் பற்றிய அழகான புத்தகங்கள் நிறைய அச்சாகின்றன.

நம்மிடம் டாப் முறை இல்லை. கூலியைப் பணமாகக் கொடுத்துவிட்டு, அரசே கடை வைத்து மாலையில் அதை வாங்கிக்கொள்கிறது. 1987இல் கள்ளுக்குத் தடை போட்ட மாநிலம் இது. 2003இலிருந்து சில்லறைச் சாராய வியாபாரத்தை அரசு நிறுவனமே நடத்துகிறது. எங்கள் காலனியில் நாற்பது வயதைத் தாண்டாமல் போன அப்பாக்களின் பெயரை எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் பௌத்தம் ஏற்றபோது மக்களுக்குக் கொடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. இன்று இந்தியாவின் ஒயின் தலைநகரம் என்று விளம்பரம் செய்கிறார்களே நாசிக், அங்கேதான் 1930 மார்ச்சில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. அந்த மாவட்டத்து யேவலாவில்தான் 1935இல் "இந்துவாகச் சாக மாட்டேன்" என்று அவர் அறிவித்தார். ஒயின் சுற்றுலாவுக்கு நாசிக் போகிற நம் தம்பிகள் அந்தக் கோயில் வாசலையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரட்டும்.

தமிழில் குடியைப் பற்றிய வேறொரு ஒழுங்கும் இருந்திருக்கிறது. அதியமான் இறந்தபோது ஒளவை பாடிய புறநானூற்றுப் பாட்டில், கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று வரும். யவனர் கொண்டுவந்த தேறலைப் பற்றியும் புறநானூறு பேசுகிறது. எந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே இல்லை.

கடைசியாக, மறுப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு. தமிழ்நாட்டில் இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது கொடுப்பதே சட்டப்படி தவறு, அவர்களுக்குக் கேள்வியே எழவில்லை. மற்றவர்கள், குடிக்க விருப்பமில்லை என்றால் மாத்திரை சாப்பிடுகிறேன், விரதம், வீட்டில் திட்டுவார்கள் என்று கதை கட்டத் தேவையில்லை. எல்லோரும் குவளையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லும்போது தண்ணீர்க் குவளையைத் தூக்குங்கள், எதிரே இருப்பவரின் கண்ணைப் பாருங்கள், போதும். பரிமாறுபவர் உங்கள் பக்கம் வரும்போது ஒயின் குவளையின் வாய்மேல் இரண்டு விரலை வையுங்கள். அவர் கூலிக்கு நிற்கிறவர், நாங்கள் நின்ற அதே இடத்தில். அந்தச் சைகை அவருக்குத் தெரியும். அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிடுவார், காரணம் கேட்க மாட்டார். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காரணம் கேட்டால், "எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பாருங்கள்.